அயலவரோடு பழகுவோம், விசுவாசத்தில் நிலைப்போம்

போரும் இடப்பெயர்வும் எம் மக்களிடமிருந்து பறித்தவை பல. காணி, வீடு, மாடு, உழவு இயந்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக விலைமதிப்பற்ற உயிர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். இழப்பீட்டுப் படிவம் எதிலும் எழுதப்படாத வேறொரு மாற்றமும் நிகழ்ந்திருக்கின்றது. எமது அயல் மாறிவிட்டது.

முன்னர் எமது கத்தோலிக்கக் கிராமங்கள் பல, கோயிலைச் சுற்றி அமைந்தவை. காலை மணிக்கு எழும்பி, மாலை மணிக்குச் செபமாலை சொல்லி வாழ்ந்த ஒருவர், பிற சமயத்தவரைச் சந்தையிலோ கச்சேரியிலோ மட்டுமே சந்தித்திருப்பார். இடப்பெயர்வு அந்த எல்லைகளைக் கலைத்துவிட்டது. முகாமில் ஒரே தறப்பாளின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு சமயத்தவர் படுத்துறங்கினர். மீள்குடியேற்றத்தின்போது காணி கிடைத்த இடத்தில் குடியேறியவர்களுக்கு, வேலிக்கு அப்பால் சைவக் குடும்பமும் வாய்க்காலுக்கு அப்பால் முஸ்லிம் குடும்பமும் அயலாயின. அவர்களோடுதான் இன்று நாம் விதைக்கின்றோம், அரிவு வெட்டுகின்றோம், ஒரே குளத்து நீரைப் பங்கிட்டுக்கொள்கின்றோம்.

எனவே முன்னர் எழாத கேள்விகள் இப்போது எழுகின்றன. பக்கத்து வீட்டார் தரும் பொங்கலை உண்ணலாமா? குளக்கட்டுப் பிள்ளையாருக்குப் பொங்கும்போது கமக்காரர் அமைப்பின் பொருளாளரான கத்தோலிக்கர் அங்கே நிற்கலாமா? சைவ வீட்டுச் செத்தவீட்டில் எதுவரை பங்குபற்றலாம்? பிள்ளை வேறு சமயத்தவரை விரும்பினால் என்ன செய்வது? இக்கேள்விகள் பங்குப் பணிமனையிலும் வயல் வரம்பிலும் அடிக்கடி கேட்கப்படுகின்றன. இவற்றை அற்பமானவை என்று தள்ளிவிட முடியாது. பதில் பிழைத்தால் ஒன்றில் அயல் உடையும், அல்லது விசுவாசம் கரையும்.

இரண்டு தவறான பதில்கள்

இக்கேள்விகளுக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் கூறப்படுகின்றன. “அவர்களோடு ஒட்டவேண்டாம், ஒதுங்கி இருங்கள், பொங்கல் வாங்குவதும் பாவம்” என்பது ஒன்று. அண்மைக் காலத்தில் எமது கிராமங்களுக்கு வந்துள்ள சில சபைகள் இதனை உரத்துச் சொல்கின்றன. எம்மவர் சிலரும் அதைக் கேட்டுக் கலங்குகின்றனர். “எல்லாச் சமயமும் ஒன்றுதான், எங்கே போய்க் கும்பிட்டாலும் சரி” என்பது மற்றையது. இது பெருந்தன்மை போலத் தோன்றினாலும், தன் சமயத்தையும் அறியாத, பிறர் சமயத்தையும் அறியாத ஒருவரின் பேச்சாகவே பெரும்பாலும் இருக்கின்றது. ஆழ்ந்த பக்தியுள்ள ஒரு சைவரும் இதனை ஏற்கமாட்டார்.

முதலாவது பதில் அன்பைக் கொல்கின்றது. இரண்டாவது பதில் உண்மையை மழுப்புகின்றது. கிறிஸ்தவருக்கு இரண்டும் தேவை.

ஆண்டவரும் அப்போஸ்தலரும் காட்டிய வழி

ஆண்டவர் இயேசு யாரோடு பந்தியில் அமர்ந்தார் என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட பெரிய குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவர் வரிதண்டுவோருடன் உணவருந்தினார். யூதர் ஒதுக்கிவைத்த சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். உரோமை நூற்றுவர் தலைவரின் விசுவாசத்தை இஸ்ராயேலில் கண்டதிலும் பெரியதென்று வியந்தார். யார் என் அயலான் என்று கேட்ட சட்ட அறிஞருக்கு, ஒரு சமாரியரையே முன்மாதிரியாகக் காட்டினார். இத்தனை பேரோடு பழகியபோதும் தந்தையோடு அவருக்கிருந்த உறவு தளரவில்லை. பொழுது விடியுமுன் தனியிடம் சென்று செபிக்கும் வழக்கத்தை அவர் விட்டதில்லை என்பதில் அதன் இரகசியம் இருக்கின்றது.

பொங்கல் பற்றிய கேள்வி எமக்குப் புதிதாகத் தோன்றலாம். கொரிந்து நகரக் கிறிஸ்தவர் ஏறக்குறைய இதே கேள்வியைப் புனித பவுலிடம் கேட்டிருந்தனர். அந்நகரச் சந்தையில் விற்கப்பட்ட இறைச்சியில் ஒரு பகுதி கோயில்களில் படைக்கப்பட்டது. பவுலின் பதிலில் மூன்று படிகள் உள்ளன (1 கொரி 8, 10). சந்தையில் விற்பதைக் கேள்வி கேளாமல் வாங்கி உண்ணலாம். விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால் சென்று, பரிமாறுவதை உண்ணலாம். ஆனால், பிற தெய்வ வழிபாட்டில் பங்காளியாகி, ஆண்டவருடைய பந்தியிலும் அந்தப் பந்தியிலும் ஒருங்கே பங்குகொள்ள முடியாது. இவற்றோடு இன்னொன்றையும் அவர் சேர்க்கின்றார். எனது சுதந்திரம் மனச்சாட்சி பலவீனமான ஒரு சகோதரனை இடறச்செய்யுமானால், அவன் பொருட்டு நான் விட்டுக்கொடுக்கவேண்டும்.

அந்தியோக்கியாவில் நடந்ததும் கவனிக்கத்தக்கது (கலா 2). புறவினத்தாரோடு உண்டு வந்த பேதுரு, யெருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்குப் பயந்து பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்தார். ஒரு பந்தியிலிருந்து எழும்பிச் செல்வது நற்செய்தியின் உண்மையையே புண்படுத்தும் என்பது பவுலின் நிலைப்பாடு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28இல் வெளியிட்ட பிற சமயங்கள் பற்றிய அறிக்கையில், அச்சமயங்களிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதனையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று தெளிவாகக் கற்பித்தது. அதே அறிக்கை, கிறிஸ்துவே வழியும் உண்மையும் வாழ்வும் என்று அறிவிக்கும் கடமையையும் வலியுறுத்துகின்றது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தச் சமநிலையே எமக்கும் வேண்டும்.

எமது மண்ணின் சாட்சிகள்

இந்தச் சமநிலையை எமது மண்ணில் வாழ்ந்து காட்டியவர் புனித யோசேவ் வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1687இல், மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தனர். பின்னர் கண்டிக்குச் சென்று, ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மைநோய் பரவியபோது, உற்றாரே கைவிட்டு ஓடிய நோயாளிகளைச் சமயம் பாராமல் பராமரித்தார். பௌத்த மன்னரின் நன்மதிப்பை அவருக்குப் பெற்றுத்தந்தது அந்தத் தொண்டே. 1711இல் கண்டியில் இறக்கும்வரை, தன் விசுவாசத்தில் ஓர் அணுவையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 2015 ஜனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்கும் வந்து செபித்தார்.

மடுத் திருத்தலமும் இடப்பெயர்வில் பிறந்ததே. ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்து காட்டுக்குள் சென்ற மக்களின் வரலாறு அது. தொண்ணூறுகளில் அந்தக் காட்டுக் கோயில் ஆயிரக்கணக்கான அகதிகளின் புகலிடமாயிற்று. அங்கே வந்தவர்களிடம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கப்படவில்லை. 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுரு ஆலயத்தின்மீது குண்டு வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கு அடைக்கலம் தேடியிருந்த கத்தோலிக்கரும் சைவரும் ஒருங்கே மாண்டனர். 2009இல் மெனிக் பாம் முகாமில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் அடைபட்டிருந்தபோது, தண்ணீர்ப் பவுசருக்கு முன்னால் சமய வரிசை என்று ஒன்று இருக்கவில்லை.

துன்பத்தில் ஒன்றாயிருந்தவர்கள் சற்று வசதி வந்ததும் பிரிந்து நிற்பது நன்றிகெட்ட செயலாகும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

இனி மேலே கூறிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

தைப்பொங்கல் உழவரின் நன்றிப் பெருநாள். எமது ஆலயங்களிலும் அன்று நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்துப் பொங்குகின்றோம். அயல்வீட்டுப் பிள்ளை கொண்டுவரும் பொங்கல், நட்பின் அடையாளம். அதை இரு கைகளாலும் வாங்குங்கள். வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்கிவிட்டுப் பின்கதவால் கோழிக்குப் போடுவது எந்தச் சமயத்திலும் பண்பாகாது. படைத்த உணவை உண்ண உங்கள் மனச்சாட்சி இடந்தராவிட்டால், அயலவர் மனம் நோகாமல் அன்பாகச் சொல்லுங்கள். மற்றவர் உண்பதைக் குற்றமாகப் பேசாதீர்கள்.

கலியாணவீட்டு வாசலில் தரும் சந்தனமும் பன்னீரும் கற்கண்டும் தமிழரின் வரவேற்பு மரபு. மதுரையில் பணியாற்றிய றொபேட் டி நொபிலி அடிகளார், சந்தனம் முதலிய வழக்கங்கள் சமூகத்துக்கு உரியவை என்று வாதாடியதை ஏற்று, திருத்தந்தை 15ஆம் கிரகோரி 1623இலேயே அவற்றை அனுமதித்தார். எமது திருமணங்களிலும் தாலியும் கூறையும் இருக்கின்றனவே. திருநீறு சைவரின் சமய அடையாளம். அதைத் தரும்போது கைகூப்பி நின்றாலே போதும், பெரும்பாலானோர் புரிந்துகொள்வர். முகத்தைச் சுழித்துத் திரும்பவேண்டியதில்லை. விபூதிப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும் நாம், திருநீற்றை இழிவாக நோக்க எந்த நியாயமும் இல்லை.

குளக்கட்டுப் பொங்கல் சற்று நுட்பமான விடயம். காலபோகத்துக்குத் துருசு திறக்குமுன் பிள்ளையாருக்குப் பொங்கித் தேங்காய் உடைப்பது பல கிராமங்களில் வழக்கம். கத்தோலிக்கக் கமக்காரர் அந்தக் கூட்டத்துக்குப் போகலாம், மரியாதையோடு நிற்கலாம், பொதுச் சமையலுக்குத் தன் பங்கைக் கொடுக்கலாம். பூசை செய்பவராகவோ நேர்த்தி வைப்பவராகவோ ஆகவேண்டாம். அமைப்பில் எம்மவரும் இருக்குமிடத்தில், விதைநெல்லையும் குளத்தையும் குருவானவர் வந்து ஆசீர்வதிக்க ஒரு நாளை ஒழுங்குசெய்து, அதற்குச் சைவ அயலவரையும் அழைக்கலாம். ஒருவர் வழிபாட்டை மற்றவர் மதிப்பது இவ்வாறுதான் வளரும்.

செத்தவீட்டைப்பற்றி ஐயமே வேண்டாம். முதலில் போகவேண்டிய வீடு அதுவே. பந்தல் போடுதல், கதிரை எடுத்துவருதல், தேத்தண்ணீர் ஊற்றுதல், அழுபவரின் அருகில் இருத்தல் எல்லாம் இரக்கச் செயல்கள். கிரியைகள் நடக்கும்போது அமைதியாக நின்று, இறந்தவருக்காக உள்ளத்தில் செபியுங்கள். மரணாதாரச் சங்கத்தில் எல்லாச் சமயத்தவரும் சேர்ந்திருக்கும் கிராமத்தில் மற்றச் சங்கங்களும் நன்றாக நடப்பதைப் பலமுறை கண்டிருக்கின்றேன்.

திருமணம் வாழ்நாள் விடயம். கத்தோலிக்கர் ஒருவர் திருமுழுக்குப் பெறாத ஒருவரை மணம்புரிய, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி விதிவிலக்கு அனுமதி பெறவேண்டும். கத்தோலிக்கத் தரப்பினர் தம் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளை அவ்விசுவாசத்தில் வளர்க்கத் தம்மால் இயன்றதனைத்தும் செய்வதாகவும் வாக்களிப்பர். மற்றவருக்கும் இது அறிவிக்கப்படும். பிள்ளைகள் ஓடிப்போன பின்னர் அழுவதைவிட, விருப்பம் தெரிந்தவுடனேயே பங்குத்தந்தையிடம் வந்து பேசுவது நல்லது. திருமணத்துக்காக ஒருவரை மதம்மாற நெருக்குவது ஒருபோதும் கூடாது.

முஸ்லிம் அயலவர்

இங்கே எமக்கு ஒரு பழைய கடன் இருக்கின்றது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணித்தியாலங்களுக்குள், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களும் விவசாயிகள், மீனவர்கள், சிறு வியாபாரிகள். இடம்பெயர்ந்தவரின் வலி எமக்குத் தெரியும். அந்த வலி அவர்களுக்கும் உண்டென்பதை ஏற்றுக்கொள்வதிலிருந்தே உறவு தொடங்கும். மீண்டு வந்தவர்களோடு காணி எல்லையிலும் மேய்ச்சல் தரையிலும் பிணக்குகள் எழலாம். அவற்றை ஆவணத்தோடும் பொறுமையோடும் தீர்க்கவேண்டும், சமயத்தை அதற்குள் இழுக்கலாகாது.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் குண்டுகளுக்குப் பலியாயினர். அந்தக் காயம் ஆழமானது. அதைச் செய்தவர்களின் குற்றத்தை எமது வாய்க்காலின் அக்கரையில் நெல் விதைப்பவர்மீது சுமத்துவது நீதியன்று. ஒரு குழுவின் செயலுக்காக ஓர் இனமே தண்டிக்கப்படும் கொடுமையை அனுபவித்தவர்கள் நாம். நோன்புக்கஞ்சி வந்தால் மகிழ்ந்து வாங்குங்கள். அவர்களை விருந்துக்கு அழைத்தால், ஹலால் முறையை மதித்து அதற்கேற்பச் சமையுங்கள்.

விசுவாசம் உண்மையில் கரையும் இடங்கள்

அயல்வீட்டுப் பொங்கலால் விசுவாசம் இழந்த ஒருவரை நான் கண்டதில்லை. எமது சொந்தக் கொண்டாட்டங்களில் அது கரைவதைக் காண்கின்றோம்.

முதலாவது குடி. திருவிழா முடிந்ததும் கசிப்பும் சாராயமும் ஓடுகின்றன. கானாவூர்த் திருமணத்தைச் சாட்டுச் சொல்பவர்கள், அங்கே ஆண்டவர் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காத்தார் என்பதை மறந்துவிடுகின்றனர். குடிக்கும் தகப்பனுடைய குடும்பத்தின் மானம் தெருவில் போகின்றது. செத்தவீட்டில் விடியவிடிய முந்நூற்றிநாலு விளையாடுவது துணைக்கு இருப்பதற்காக என்றால் பாதகமில்லை. அங்கே போத்தல் திறப்பதை என்னவென்று சொல்வது?

இரண்டாவது ஆடம்பரம். சாமத்தியவீடு, கலியாணம், முதல் நன்மை என்று ஒவ்வொன்றுக்கும் கடன் எடுத்து மண்டபமும் வீடியோவும் பிடிக்கின்றோம். நுண்கடன் நிறுவனங்களின் வாராந்தத் தவணை எமது பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் சிறுகடன்களை அரசு தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. அயலவர் மெச்சவேண்டும் என்று கடன்பட்டுப் பந்தி வைப்பதைப் பழகுதல் என்று கூறமுடியாது. எளிய சாப்பாட்டோடு அன்பாக நடக்கும் விழாவே கிறிஸ்தவ விழா. சீதனம் பேசி ஏழைப் பெற்றோரைக் காணி விற்கச் செய்துவிட்டுப் பீடத்தின் முன் நிற்பதும் இதே வகையைச் சேர்ந்ததே.

மூன்றாவது சாதி. பிற சமயத்தவரோடு உண்ணலாமா என்று கேட்கும் சிலர், தம்மோடு ஒரே திருவிருந்தில் பங்குபெறும் சகோதரனின் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. திருச்சொரூபம் யார் தூக்குவது, சேமக்காலையில் யாரை எங்கே புதைப்பது என்று இன்னும் சில இடங்களில் கதை நடக்கின்றது. டி நொபிலி அடிகளாரின் வழியிலும் இந்தக் குறை இருந்தது; தமிழரின் வழக்கங்களோடு சாதிப் பிரிவினையும் கோயிலுக்குள் இடம்பிடித்தது. அந்தியோக்கியாவில் பவுல் எதிர்த்தது இதையே. இங்கே சமரசத்துக்கு இடமில்லை.

நான்காவது உதவி வழங்கலில் பாரபட்சம். திருச்சபை வழியாக விதைநெல்லோ கிணறோ கோழிக்கூடோ வரும்போது, “எங்கட ஆட்களுக்கு முதல்” என்ற குரல் எழுகின்றது. சர்வதேசக் கரித்தாஸ் உட்பட உலகின் முக்கிய நிவாரண அமைப்புகள் 1994இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை, உதவி தேவையின் அடிப்படையிலேயே வழங்கப்படவேண்டும், எந்தச் சமயத்தையும் பரப்ப அதைப் பயன்படுத்தலாகாது என்று கூறுகின்றது. வத்திக்கான் சங்கமும் சமய சுதந்திரம் பற்றிய அறிக்கையில், வறியவர்களிடம் தகாத முறையில் சமயத்தைப் புகுத்துவதைக் கண்டித்தது. தேவையுள்ள சைவ விதவைக்குக் கொடுக்காமல், வசதியுள்ள கத்தோலிக்கருக்குக் கொடுக்கும் ஒரு மூட்டை நெல், எமது பிரசங்கங்கள் அனைத்தையும் பொய்யாக்கிவிடும்.

வேர் ஆழமாக இருக்கட்டும்

காற்றுக்கு அஞ்சி மரத்தை வீட்டுக்குள் நடுவதில்லை. வேர் ஆழமாக ஓட வழிசெய்கின்றோம். குடும்பச் செபமாலை தொலைக்காட்சித் தொடருக்கு வழிவிட்டுவிட்ட வீட்டில், பிள்ளைகளை அயலவரிடமிருந்து மறைத்துவைப்பதால் விசுவாசம் காப்பாற்றப்படமாட்டாது. ஞாயிறு திருப்பலி, மறைக்கல்வி, வீட்டில் நற்செய்தி வாசிப்பு, அன்பியக் கூட்டம் ஆகியவை ஒழுங்காக நடக்கட்டும். “நீங்கள் ஏன் வெள்ளியில் மச்சம் சாப்பிடுவதில்லை?” என்று பள்ளித் தோழி கேட்டால், எமது பிள்ளை தயங்காமல் பதில் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். அந்தச் சைவப் பிள்ளையும் வெள்ளிக்கிழமை மச்சம் உண்ணாதவளாக இருக்கலாம். நல்ல உரையாடல் ஒன்று அங்கேயே தொடங்கும்.

ஐயம் வரும்போது எம்மையே மூன்று கேள்விகள் கேட்போம். நான் செய்யப்போவது அன்புச் செயலா, வழிபாட்டுச் செயலா? இதனால் அயலவரோடுள்ள உறவு வளருமா? இதைக் காணும் என் பிள்ளையோ பலவீனமான சகோதரனோ கிறிஸ்துவை விட்டு விலக ஏதுவாகுமா? இம்மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால், பெரும்பாலான சிக்கல்கள் வீட்டிலேயே தீர்ந்துவிடும். தீராதவற்றை அன்பியத்தில் பேசுங்கள், அல்லது பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

அன்பான கமக்காரச் சகோதர சகோதரிகளே, வாய்க்கால் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு முதலில் வருபவராக, தன் முறைக்கு மேல் நீர் திறக்காதவராக, சங்கக் கணக்கை ஒளிவின்றிக் காட்டுபவராக, பன்றிக்காவலில் அயலவரின் வயலையும் பார்ப்பவராக ஒரு கிறிஸ்தவர் இருப்பாராயின், அவர் யாருடைய பிள்ளை என்று கிராமம் தானாகவே அறிந்துகொள்ளும். வரும் நத்தாருக்கு உங்கள் வீட்டுப் பலகாரத்தில் முதற் பங்கை வேலிக்கு அப்பால் உள்ளவர்களுக்கு அனுப்புங்கள். உங்களோடு ஒருமுறையும் பேசாத வீடு எதுவோ, அங்கிருந்து தொடங்குங்கள்.